குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறதே?

கேள்வி: மன்னார்குடி அருகே வசிக்கிறேன். வயது 29, எடை 82 கிலோ. இரண்டு மாதமாகத் தலைவலி. கோலம் போட்டு நிமிர்ந்தால் சில நொடி கண் இருட்டுகிறது. படுத்தால் காதுக்குள் நாடித்துடிப்பு கேட்கிறது. பார்வை 6/6 இருந்தாலும் இரு கண் நரம்பும் வீங்கியிருப்பதாகச் சொன்ன கண் மருத்துவர், ஸ்கேன் எடுத்துவிட்டு முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சொல்கிறார். அதனால் கால் விழுந்துவிடும் என்கிறார் மாமியார். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறேன்.

பதில்: 6/6 என்பதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள நீரின் உறை கண் நரம்பையும் போர்த்தியிருக்கிறது. உங்களுக்குச் சந்தேகிப்பது அந்த நீரின் அழுத்த உயர்வைத்தான். அழுத்தம் ஏறினால் நரம்பு வீங்கி, பெரும்பாலும் ஓரப்பார்வைதான் முதலில் குறையும். எழுத்துப் பலகை அதைக் காட்டாது. ஓரம்வரை எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப்புலப் பரிசோதனை கட்டாயம்.

முதலில் எம்.ஆர்.ஐ., கூடவே மூளைச் சிரைகளுக்கான எம்.ஆர்.வி. கட்டி இருக்கிறதா, சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வடிகால் அடைத்தால் வயலில் நீர் தேங்குமே, அதுபோலத்தான். அண்மையில் பிரசவமோ கருத்தடை மாத்திரையோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசிக்குத் தடையாக ஸ்கேனில் எதுவும் இல்லாவிட்டால்தான் ஊசி. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதலாம் இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே போகிறது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து நீரழுத்தத்தை அளக்கும்போது 25 செ.மீ. நீர் உயரத்துக்கு மேல் இருந்தால் அழுத்தம் அதிகம். பிறகு சில நாள், உட்கார்ந்தால் தலைவலி வரலாம்.

டாக்ஸிசைக்ளினே இந்த நீரழுத்த உயர்வைத் தூண்டக்கூடும். இன்றே நிறுத்திவிட்டு, எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

வேறு காரணம் இல்லையென்றால் வழக்கமான மருந்து அசெட்டசோலமைடு. பெரும்பாலும் 500 மி.கி. வீதம் இருவேளை தொடங்கி, மருத்துவர் கூட்டுவார். விரல் நுனி மதமதக்கும், பன்னீர் சோடா சப்பென்றிருக்கும்; அதற்காக நிறுத்த வேண்டாம். சிறுநீரகக் கல், சல்ஃபா ஒவ்வாமை, கர்ப்பம் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கும். நோய் திரும்பாமலிருக்க எடை குறைய வேண்டும். முதலில் நாலைந்து கிலோ குறைந்தாலே பலன் தெரியும். மூன்று வேளையும் சோறு, இட்லி என்றிருக்கும் நம் வீட்டில் இரவுச் சோற்றைக் குறைப்பது எளிது. அப்பளம், கருவாடு, ஊறுகாயையும் குறையுங்கள்.

இருட்டு தெளியாமல் நின்றாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ அன்றே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பார்வை வேகமாகக் குறைந்தால் நரம்புறையைத் திறந்துவிடும் அறுவையோ, நீரை வயிற்றுக்குத் திருப்பும் குழாயோ தேவைப்படலாம். அதற்கு நாள் பார்க்கக்கூடாது.