எல்இடி போட்டால் மட்டும் தெருவிளக்கு பசுமையாகிவிடுமா?

"எங்கள் ஊரில் தெருவிளக்கெல்லாம் எல்இடி ஆகிவிட்டது. கரண்ட் மிச்சம். இதற்கு மேல் சுற்றுச்சூழலுக்காக என்ன செய்ய வேண்டும்?" என்பதுதானே கேள்வி?

கரண்ட் மிச்சம்தான், மறுக்கவில்லை. சோடியம் விளக்கைக் கழற்றி எல்இடி மாட்டினால் செலவு ஏறக்குறைய பாதியாகும். ஆனால் எங்கள் தெருவில் மாற்றிய அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, "என்னடா, விடிஞ்சிடுச்சா?" என்றார். வெள்ளை வெளிச்சம் சன்னல் வழியாகக் கட்டில் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. கம்பத்தில் விளக்கை அண்ணாந்து பார்க்கிற மாதிரி சாய்த்து மாட்டியிருந்தார்கள். மூன்று புகாருக்குப் பிறகு லைன்மேன் வந்தார். ஏணியில் ஏறி, நட்டைத் தளர்த்தி, விளக்கைத் தரைக்கு நேராகக் கவிழ்த்தார். பத்து நிமிட வேலை. ஒரு வாட் கூட ஏற்றாமலே ரோடு முன்பைவிட நன்றாகத் தெரிந்தது.

அடுத்தது நிறம். விளக்கின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் கூடக்கூட மஞ்சள் குறைந்து வெள்ளையாகும். பழைய சோடியம் விளக்கு சுமார் 2000 கெல்வின், ஆரஞ்சு மஞ்சள். கடையில் 'கூல் டேலைட்' என்று தருவது 6500. வெள்ளை கூடக்கூட அதில் நீல ஒளியும் கூடும். நீலம்தான் காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது. நம் தூக்கத்தையும் அதிகம் கெடுக்கிறது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே தெருவிளக்கு 3000 கெல்வினைத் தாண்ட வேண்டாம் என்றது.

இதன் விளைவை நான் கண்ணால் பார்த்தது சென்னைக் கடற்கரையில். ஜனவரி பிறந்தால் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட வரும். முட்டையைப் புதைத்ததும் தாய் கடலுக்குப் போய்விடும்; பொரிந்து வரும் குஞ்சுக்கு வழி காட்ட ஆளில்லை. இருட்டில் எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஊரும். ஆதிகாலத்தில் அது கடல். நீலாங்கரை பக்கம், ராத்திரியில் ஆமை முட்டை தேடி நடக்கிற 'ஆமை நடை'க்குப் போயிருந்தபோது காய்ந்த மணலில் ஒரு தடம் பார்த்தேன். சின்ன ஆமைக்குஞ்சின் தடம். கடலை நோக்கிக் கொஞ்ச தூரம் போய், அப்படியே வளைந்து, ரோட்டு விளக்கைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இதற்காகவும்தான் 1988 முதல் மாணவர் தன்னார்வலர்கள் ராத்திரி முழுக்க நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். கடற்கரை ஓரம் ஆம்பர் (தேன் மஞ்சள்) நிற விளக்கைப் போட்டு, கடல் பக்கம் தெரியாமல் மறைப்பு வைத்தாலே குழப்பம் பெருமளவு குறையும்.

சோலார் விளக்கு? வெயில் படுகிற இடமாக இருந்தால் சரி. எங்கள் பூங்காவில் வேப்பமரத்தடியில் நட்டிருக்கிறார்கள். பேனலுக்கு நல்ல நிழல்.

உங்கள் கையில் இருப்பது வாசல் விளக்கு. நான் மஞ்சள் கலந்த 'வார்ம் ஒயிட்' பல்பு போட்டு, மேலே ஒரு தகரக் குடை மாட்டி, பதினொரு மணிக்கு அணைய டைமர் வைத்திருக்கிறேன். ஈசல் காலத்தில் வாசல் பெருக்குகிற வேலை பாதியாகிவிட்டது என்கிறார் அம்மா.