பானை வனையும் பழைய மின்சாரத் திருகை உறுமுகிறது, சுற்றவில்லை. சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா?

சரிசெய்யுங்கள். அரை ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், பெல்ட், ஒரே வேகம், சுவிட்ச் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமல் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வந்து சேர்ந்ததும் இதே ரகம்தான்.

கடையில் காட்டினால் காயில் போச்சு, ரீவைண்டிங் செய்யணும் என்றார்கள். வீட்டுக்குத் தூக்கி வந்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போட்டு, புல்லியைக் காய்ந்த குச்சியால் லேசாகத் தள்ளினேன். சட்டென்று வேகம் பிடித்து ஓடியது. அப்படி ஓடினால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர்தான் செத்திருக்கும். பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டில் புதிது போடுங்கள். சோதிக்கும்போது விரல் கிட்டே போகக்கூடாது. இரண்டு மூன்று நொடிக்கு மேல் உறுமவும் விடாதீர்கள், அப்புறம் நிஜமாகவே காயில் எரிந்துவிடும்.

அடுத்தது பேரிங். பெல்ட் இல்லாமல் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் களிமண் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பென்சிலை அசையாமல் பிடித்து, சுற்றும் தட்டின் விளிம்பில் மெல்லத் தொடவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தால் தட்டு ஆடுகிறது, பானையும் ஆடும். என் ஷாஃப்ட் 25 மிமீ; இருபுறமும் ரப்பர் மூடி போட்ட 6205 பேரிங் சரியாக உட்கார்ந்தது.

வேகத்துக்கு வருவோம். ஃபேன் ரெகுலேட்டர் மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்தேன். இந்த மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் ஹெர்ட்ஸ், அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது. ரெகுலேட்டர் வோல்ட்டைத்தான் குறைக்கும். வெறும் தட்டு அழகாக மெதுவாகச் சுற்றியது. மூன்று கிலோ மண்ணை நடுப்படுத்த அழுத்தினேன், நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை. கடைக்காரர் சொன்ன ரீவைண்டிங் கடைசியில் என் கையாலேயே வந்து சேர்ந்தது!

ரீவைண்டிங்குக்குப் பணம் கொடுக்காமல், பழைய த்ரீ பேஸ் மோட்டார் ஒன்றும் சிறிய விஎஃப்டி டிரைவ் ஒன்றும் வாங்கினேன். ஹெர்ட்ஸையே கூட்டிக் குறைத்து மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி இந்த டிரைவ்; வீட்டு 230 வோல்ட் உள்ளே போய் த்ரீ பேஸாக வெளியே வரும் வகை. மோட்டார் தகட்டில் டெல்டா இணைப்புக்கு (மூன்று காயிலையும் முக்கோணமாக இணைப்பது) 230 வோல்ட் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். 1440 ஆர்பிஎம் மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, தட்டுக்கு 12 அங்குலப் புல்லி: 50 ஹெர்ட்ஸில் தட்டு நிமிடத்துக்கு 240 சுற்று, 15 ஹெர்ட்ஸில் எழுபது சொச்சம். மண்ணை நடுப்படுத்த அது, வாய் ஓரம் இழுக்க இது. ரொம்ப நேரம் மெதுவாக ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகிச் சூடேறும், தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரக்கை வேலை இது. எர்த் கட்டாயம், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். டிரைவைத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடம் அதன் மூடியைத் திறக்க வேண்டாம்.

டிரைவில் ஒரு பட்டனைத் தட்டினால் திருகை எதிர்த்திசையிலும் சுற்றும். அதற்கு முன் தட்டு மரையில் திருகியிருக்கிறதா, போல்ட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். என்னுடையது மரை. பாதிப் பானையோடு கழன்று என் மடியில் வந்து உட்கார்ந்தது.