வண்டு, பூச்சிகளை மிக அருகில் படம் எடுக்க விலை அதிகமான கேமரா வேண்டுமா? பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் எடுக்கிறார்களா?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். ஆமாம், சிலர் ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். பத்து நிமிடம் வைத்தால் பூச்சி விறைத்துப்போய்க் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். நானும் ஆரம்பத்தில் ஒரு முறை செய்தேன், அதோடு விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் வாய்க்கால் கரை நெடுக நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும். அதன் இலைகளில் ஒரு வகை ஆமை வண்டு இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, ஓட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் உருக்கி ஊற்றியது போலத் தங்க நிறம். முதன்முதலில் பார்த்த அன்று கை நடுங்கி ஒரு படமும் சரியாக வரவில்லை என்பதால், இலையோடு ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் தங்கத்தைக் காணோம். செங்கல் நிறத்தில் சாதாரணமான ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. வேறு எதையோ பிடித்து வந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன், அந்தத் தங்கம் சாயமே கிடையாது. ஓட்டுக்குள் மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, அவற்றில் ஈரம் இருக்கும்வரைதான் வெளிச்சம் அப்படித் தங்கமாகத் திரும்பி வருகிறது. வண்டு மிரண்டாலோ காய்ந்தாலோ செத்தாலோ ஈரம் குறைந்து, அடியில் இருக்கும் செம்பழுப்பு வெளியே தெரிந்துவிடும். பொன்வண்டு விஷயம் வேறு. தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலையோடு அடைத்து வைத்து, முட்டை போட்டுவிட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது செத்து எத்தனை நாள் ஆனாலும் அந்தப் பச்சை மங்காது. 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டில் பொன்வண்டு ஓடுகளை மஸ்லின் துணியில் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், அருங்காட்சியகங்களில் இருக்கும் அந்த உடைகளில் ஓடு இன்றும் மின்னிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆமை வண்டின் தங்கம் வேண்டுமென்றால் அது உயிரோடு, பயமில்லாமல், தன் இலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. பூச்சிப் படம் பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் கிட்டத்தட்ட இதற்குள் வந்துவிடுகிறது.

சரி, கேமராவுக்கு வருகிறேன். மேக்ரோ, அதாவது மிக நெருக்கப் படம், என்றால் 1:1 அளவு. 6 மி.மீ. பொறிவண்டு, படம் பதியும் சென்சாரிலும் 6 மி.மீ. இடத்தைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலானோரிடம் இருக்கும் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சார் கேமராவில் சென்சார் அகலம் சுமார் 23 மி.மீ., ஆக வண்டு படத்தில் கால்வாசி அகலத்துக்கு வரும். இதற்கு மேக்ரோ லென்ஸ்தான் வேண்டும் என்று இல்லை. வெளிச்சம் நுழையும் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வளையம் லென்ஸிலேயே உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, லென்ஸைத் திருப்பி மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங் போட்டு முன்பக்கம் கேமராவை நோக்கும்படி தலைகீழாக மாட்டினால் ஏறக்குறைய 1:1 கிடைத்துவிடும். நான் இரண்டு வருடம் அப்படித்தான் எடுத்தேன். ஒரே தொந்தரவு, பூச்சிக்கு நான்கைந்து செ.மீ. வரை கிட்டப் போக வேண்டும், ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. மேக்ரோவில் ஆட்டோ ஃபோகஸை நான் இப்போதும் பயன்படுத்துவதில்லை, அதனால் அதை ஒரு இழப்பாகவே நினைக்க வேண்டாம். போன் மட்டும் இருக்கிறது என்றாலும் தொடங்கலாம். சில போன்களில் மிக அகலக்கோண (அல்ட்ரா-வைட்) லென்ஸே 2 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும், அது போதும். "2 மெகாபிக்சல் மேக்ரோ" என்று பெட்டியில் போட்டு விற்கும் தனி லென்ஸை நம்பிப் போன் வாங்காதீர்கள்.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் வெளிச்சம். 1:1இல் துளையை எஃப்/11 (எண் பெரிதாக ஆகத் துளை சிறிதாகும்) வைத்தாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மி.மீ.கூட வராது. இன்னும் துளையைச் சுருக்கலாமே என்று தோன்றும், ஆனால் 1:1இல் எஃப்/11 என்பது நடைமுறையில் எஃப்/22 ஆகிவிடுகிறது, அதற்கு மேல் சுருக்கினால் படம் முழுக்கக் கூர்மை போய்விடும். அவ்வளவு சின்னத் துளைக்கு வெயில் வெளிச்சம் பத்தாது, கை நடுக்கம் வேறு. ஃபிளாஷ் வைத்தால் இரண்டும் தீரும்: குறைந்த சக்தியில் அது எரிவது சுமார் 1/10,000 நொடிதான், அதற்குள் உங்கள் கையும் அசையாது, காற்றில் இலையும் அசையாது. ஆனால் ஃபிளாஷை அப்படியே அடித்தால் வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், அந்த இடத்தில் நிறமும் இருக்காது புள்ளியும் இருக்காது. வண்டின் ஓடு புதுக் காரின் பானெட் மாதிரி, எதிரில் என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். அதனால் எதிரில் பெரிதாக, மென்மையாக ஒரு வெள்ளையை வைக்க வேண்டும். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, உள்ளே டி.வி. பெட்டியில் சுற்றி வரும் மெல்லிய ஃபோம் ஷீட்டை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். ஃபிளாஷ் அதன் மேல் அடிக்கட்டும். வெளிச்சத்தை மென்மையாக்கும் இந்த டப்பா, அதாவது டிஃப்யூசர், பூச்சிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முக்காலி எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

பிடிக்கும் விதம் ஒன்று சொல்கிறேன், இதைக் கற்றுக்கொள்ள எனக்குத்தான் ரொம்ப நாள் ஆனது. பூச்சி இருக்கும் காம்பை இடது கை விரல்களால் மெதுவாகப் பிடியுங்கள், லென்ஸின் முனையை அதே கையின் மேல் வையுங்கள். இப்போது காற்றடித்தால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும், இடைவெளி மாறாது. ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை இம்மி இம்மியாக முன்னால் நகர்த்தி, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். கண் தெளிவாக இருந்தால் மற்றது மங்கலாக இருந்தாலும் படம் நிற்கும். மூச்சைப் பூச்சியின் மேல் விடாதீர்கள். பொறிவண்டு பயந்தால் கால் மூட்டிலிருந்து மஞ்சள் நீர் கசியும், அப்படிக் கசிந்தால் அன்றைக்கு அதை விட்டுவிடுவேன். கூன்வண்டு காலை மடக்கிக் கீழே விழுந்து செத்தது போலக் கிடக்கும், அதற்கு மட்டும் காத்திருக்கலாம், எழுந்து நடக்கும்.

எங்கே தேடுவது என்றால், ஒரே ஒரு செடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எருக்கஞ்செடி ஒன்று போதும். தண்டில் மஞ்சள் அசுவினி, அதைத் தின்ன வரும் பொறிவண்டும் அதன் புழுவும், அசுவினியின் இனிப்பு நீருக்காக எறும்பு, நீலமும் மஞ்சளுமாக எருக்கு வெட்டுக்கிளி, எல்லாம் அங்கேயே இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். பூச்சிக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும் என்பதால் விடிகாலையில் அது மந்தமாக இருக்கும். மார்கழியில் பனித்துளியோடு தட்டான் உட்கார்ந்திருக்கும். ஃப்ரிட்ஜ் செய்யும் வேலையை மார்கழி யாருக்கும் தொல்லை இல்லாமல் செய்துவிடுகிறது.

தலை முதல் கால் வரை துல்லியமாக இருக்கும் படங்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். லெவன் பிஸ் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை எடுத்த படங்கள் 2016இல் காட்சிக்கு வந்தன. ஒவ்வொன்றும் சுமார் 8,000 படங்களை ஒன்றாகச் சேர்த்துச் செய்தது. அவை அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பூச்சிகள், அதனால்தான் அது முடிந்தது. உயிருள்ள வண்டில் நான் கையிலேயே பிடித்து ஐந்தாறு படம் ஃபோகஸை நகர்த்தி எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்க்கிறேன், அதிலும் பாதி நேரம் உணர்கொம்பு அசைந்து கெட்டுவிடும்.

அந்த ஆமை வண்டுக்காக அதே வாய்க்கால் கரைக்கு மூன்று வாரம் காலையில் போனேன். ஒரு நாள் ஆறே முக்காலுக்கு இலையின் அடியிலிருந்து மேலே ஏறி வந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தது. நான்கு படம் எடுத்தேன், ஒன்று சரியாக வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அந்தத் தங்க முதுகில் ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை வட்டமும், அதன் ஓரத்தில் காம்பைப் பிடித்திருக்கும் என் இரண்டு விரலும் தெரிகின்றன.