அரிசிம்பருப்புச் சோற்றுக்குக் கலோரி கணக்கு போடுவது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் வாசகி கேட்டிருக்கிறார்: “வயது 38, உயரம் 157 செ.மீ., எடை 74 கிலோ. கலோரி எண்ணிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று போனில் ஒரு ஆப் போட்டேன். இட்லி, தோசை எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அடிக்கடி செய்யும் அரிசிம்பருப்பு, பச்சைப்பயறு கடைசல், கொள்ளுப்பருப்பு எதைத் தேடினாலும் வருவதில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் எடைக்குறைப்பு மையத்தில் கேட்டால், எண்ணவே வேண்டாம், இரண்டு வேளைக்கு எங்கள் பவுடரைக் கரைத்துக் குடியுங்கள் என்கிறார்கள். நாலு பேருக்கு ஒரே பாத்திரத்தில் பொங்குகிற வீட்டில் என் பங்குக்கு எப்படிக் கணக்கு போடுவது? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் என் வீட்டுக்காரரும் கூடவே ஆரம்பிக்கலாமா?”

பவுடர் வேண்டாம், அம்மிணி. ஆப்பும் இப்போதைக்கு அவசியமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று, ஒரு நோட்டு, இரண்டும் போதும்.

கணக்கை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் போட வேண்டும், தட்டில் போட்ட பிறகு அல்ல. அரிசிம்பருப்பையே எடுத்துக்கொள்வோம். அரிசி 300 கிராம், ஏறக்குறைய 1,070 கலோரி. துவரம்பருப்பு 100 கிராம், 330. கடலெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, 370. தேங்காய்த் துருவல் 50 கிராம், 200. சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு எல்லாம் சேர்த்து 50 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 2,000. வெந்து இறக்கியதும் குக்கரோடு நிறுத்து, காலிக் குக்கரின் எடையைக் கழியுங்கள். சோறு 1,600 கிராம் இருந்தால், 100 கிராமுக்கு 125 கலோரி. உங்கள் தட்டில் 350 கிராம் போட்டுக்கொண்டால் 440 ஆகிறது. மேலே ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் இன்னும் 40. தண்ணீர் கூடக்குறைய வைத்தால் சோற்றின் எடை மாறும், அதனால் அந்தப் பாத்திரத்தை அன்றன்று நிறுப்பதுதான் சரி. ஒரு தடவை போட்ட கணக்கை நோட்டில் எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இரண்டு நிமிட வேலை. கடைசலுக்கும் கொள்ளுக்கும் இதே வழிதான். வீட்டில் மாறி மாறிச் செய்வது பத்துப் பன்னிரண்டு பண்டம் தானே, ஒரு மாதத்தில் எல்லாம் நோட்டில் ஏறிவிடும்.

நாள் முழுக்க நின்று செய்யும் வேலை என்பதால் உங்கள் உடம்பு தினமும் 1,900 கலோரி போல் செலவழிக்கும். 1,450-லிருந்து 1,500 வரை சாப்பிடுங்கள். உடம்புக் கொழுப்பில் ஒரு கிலோ என்பது சுமார் 7,700 கலோரி. அப்படியென்றால் மாதம் ஒன்றரை கிலோ வரை குறையும். “சீக்கிரம் குறைய வேண்டும்” என்று தட்டியதும் ஆப் காட்டும் 1,200-ஐ நம்பிப் பட்டினி கிடக்க வேண்டாம். பத்து நாள் தாங்குவீர்கள், பதினோராம் நாள் பரோட்டாக் கடையில் நிற்பீர்கள்.

நம் பக்கத்தில் எல்லோருடைய கணக்கும் வழுக்குவது எண்ணெயில்தான். “மரச்செக்கு எண்ணெய்ங்க, உடம்புல ஒட்டாதுங்க” என்று சொல்லிச் சொல்லி விற்கிறார்கள். செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. வாசனைக்காக வாங்குங்கள், இளைப்பதற்காக வாங்காதீர்கள். நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான், வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் கலோரியில் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. சாமை, தினைக்கும் அரிசிக்கும்கூடக் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். நார்ச்சத்து கூடுதல் என்பதால் சீக்கிரம் வயிறு நிறையும், அந்த அளவுக்கு நல்லது. எண்ணெயைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி சொல்கிறேன்: நாலு பேருக்கு மாதம் நாலு லிட்டர் செலவானால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 270 கலோரி எண்ணெயில் மட்டுமே போகிறது. கம்பெனியில் குடிக்கும் டீயையும் விடக் கூடாது. 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட டீ ஒன்று 100 கலோரி, ஒரு நாளைக்கு மூன்று குடித்தால் 300. வீட்டில் ஆரஞ்சு பாக்கெட் ஆவின் பால் என்றால் நீலத்துக்கு மாறுங்கள், கொழுப்பு 6 சதவீதத்திலிருந்து 3-க்கு இறங்கும்.

இனி அந்த மையம். இந்த மாதிரி இடங்களில் முதல் நாள் எல்லாம் இலவசம். ஒரு மெஷின் மேல் நிற்க வைத்து, உங்களுக்கு 38 வயது, உடம்புக்கு 55 வயது என்று பயம் காட்டுவார்கள். குடித்த தண்ணீரைப் பொறுத்துக்கூட மாறுகிற எண் அது. அப்புறம் பவுடர் டப்பா. ஒரு டம்ளர் 200 கலோரி அளவில் இரண்டு வேளை குடித்தால் யாருக்கும் எடை குறையத்தான் செய்யும், சாப்பாட்டை நிறுத்தியதால் குறைகிறது. அதே 200-ஐ இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும் ஏறக்குறைய கொடுத்துவிடும். முதல் வாரம் சடசடவென்று இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் காட்டித்தான் இரண்டாவது டப்பாவைத் தலையில் கட்டுவார்கள். அதற்கடுத்து, “நீங்களும் நாலு பேரைச் சேர்த்துவிடுங்க அக்கா, உங்க டப்பா ஃப்ரீயாயிரும்” என்பார்கள். பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் பெண்ணின் ஓவர்டைம் காசு அதில் போகும். என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படி மாதச் சம்பளத்தில் பாதியைக் கொட்டிவிட்டு, பவுடரை விட்டதும் பழைய எடைக்கே திரும்பியவர்கள். தயவுசெய்து அந்தப் படி ஏறாதீர்கள்.

ஊட்டச்சத்து நிபுணர்களையும் பதிவுக்குள் கொண்டுவரும் மத்தியச் சட்டம் 2021-லேயே வந்துவிட்டது. இருந்தும் நேற்று வரை செல்போன் கவர் விற்றவர் இன்று “வெல்னஸ் கோச்” என்று பலகை மாட்டினால் கேட்க ஆளில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் 528 உணவுப் பொருட்களுக்கு அருமையான அட்டவணை போட்டது. அதில் ஆற்றலைக் கிலோஜூலில் கொடுத்திருக்கிறார்கள். 4.18-ஆல் வகுத்தால்தான் கலோரி வரும். வீட்டுப் பெண்கள் படிக்க வேண்டும் என்று யாராவது நினைத்திருந்தால் இப்படிச் செய்வார்களா? பத்துக் கிளையோ அதற்கு மேலோ உள்ள உணவகம் மெனுவில் கலோரி போட வேண்டும் என்று 2020-ல் விதி வந்தது. நீங்கள் பப்ஸ் வாங்குவது கம்பெனி முக்கு பேக்கரியில். அங்கே எந்த விதியும் வராது. பப்ஸ் ஒன்றுக்கு 250 என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். அவர் சாப்பிடும் மாத்திரை என்ன என்று முதலில் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சாப்பாட்டை அளவாகக் குறைப்பதால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு இவற்றில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ கதை வேறு. அந்த மாத்திரை, சோறு குறைந்தது தெரியாமல் பழைய வேகத்திலேயே சர்க்கரையை இறக்கும். இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரைகள் நிறைய இருக்கின்றன. பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும், படிக்க முடியாவிட்டால் அட்டையோடு மருத்துவரிடம் போங்கள். “சாப்பாட்டில் 400 கலோரி குறைக்கப் போகிறேன், மாத்திரையைக் குறைக்க வேண்டுமா?” என்று இதே வார்த்தையில் கேளுங்கள். மருந்துக்கடையில் கேட்க வேண்டாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். மருத்துவர் சரி என்று ஆரம்பித்த பிறகும், திடீரென வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் கலோரி நோட்டைத் திறக்கக் கூடாது. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதவிலக்கு நாட்களில் நீர் கோத்து ஒரு கிலோ கூடக் காட்டினால் கணக்கில் சேர்க்காதீர்கள். கோயில் நோம்பி, கல்யாண விருந்து அன்றைக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நாலு வாரம் கழித்தும் எடை அசையவில்லை என்றால், சோற்றைக் குறைக்கும் முன்பு எண்ணெய் பாட்டிலைச் சமையலுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள்.