ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ஜினை வீட்டிலேயே இறக்கலாமா?

கேள்வி: என் தந்தையார் ஓட்டிய நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. அண்மையில் அதை ஓட்டிப் பார்த்தபோது சைலன்சரில் நீலப்புகை வந்தது. என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். நானும் என் தம்பியும் சேர்ந்து வீட்டிலேயே அதை இறக்க முடியுமா? போர்ட்டிகோ கூரையில் ஊஞ்சலுக்காகப் போட்ட கொக்கி இருக்கிறது. அதில் செயின் பிளாக்கை (சங்கிலியை இழுத்துப் பளுவைத் தூக்கும் கருவி) மாட்டலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முடியும். ஆனால் இறக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு வந்து மறுபடி மிதிக்கும்போதும் மட்டும் நீலப்புகை வந்து அடங்கிவிட்டால், வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; அதற்கு சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கலாம். எப்போதும் புகைந்தால் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் கணிசமாக உயர்ந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். அப்போது மெக்கானிக் சொன்னதுதான் சரி.

1961-இல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கிய இந்தக் கார், வீட்டில் வேலை பார்ப்பவருக்கு மிகவும் இணக்கமானது. இரண்டு பக்க மட்கார்டுகளோடும் ஒரே துண்டாக இருக்கும் பானெட் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பதால், முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்துகொண்டு ஸ்பேனர் பிடிக்கலாம். பட்டறையில் 'இறக்குவது' என்று சொன்னாலும் இதன் என்ஜினை மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கவிழ்ந்து நிற்கும் பானெட் குறுக்கே வரும் என்பதால், விளக்கு ஒயர்களைப் பிரித்துவிட்டு, இருவராகப் பிடித்து, அதை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஊஞ்சல் கொக்கி மட்டும் வேண்டாம். அந்த என்ஜின் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். தொங்கும்போது அசையவும் செய்யும். ஊஞ்சலில் ஆள் உட்கார்ந்து தாங்கியதே என்று எண்ணாதீர்கள். துருப்பிடித்த கம்பி கான்கிரீட்டுக்குள் எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியே தெரியாது. இரும்புக் குழாய் முக்காலியையும் ஒரு டன் செயின் பிளாக்கையும் வாடகைக்கு எடுங்கள். தரை சிமெண்டாக இருக்கட்டும். மண்தரையில் முக்காலியின் ஒரு கால் புதைந்தாலும் போதும், எல்லாம் சாய்ந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றும் முன் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று எழுதி வையுங்கள்; அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பிறகு தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, ரேடியேட்டரை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் அதன் வாயை அடைத்துவிடுங்கள். கார்புரேட்டர் கேபிள்கள், டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர்கள் ஒவ்வொன்றிலும் துணி பிளாஸ்டரை ஒட்டி எண் போடுங்கள். கைப்பேசியில் எடுக்கும் படத்தை மட்டும் நம்பினால், பின்னால் மறைந்திருக்கும் ஒயர் அதில் விழாது. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டில் சைலன்சர் குழாயைப் பிடிக்கும் நட்டுகளுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். வேலையில் பாதி நேரத்தை அவையே தின்றுவிடும்.

தூக்குவதற்குச் சற்று முன் ஒருமுறை சுற்றிவந்து பாருங்கள். என்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டைதான் பெரும்பாலும் மறந்துபோகும். என்ஜின் மேலே வந்ததும் முக்காலியை நகர்த்தாமல் காரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். உடனே என்ஜினைப் பழைய டயரின் மீது இறக்கிவிடுங்கள். தொங்கும் என்ஜினுக்குக் கீழே கையோ காலோ ஒரு கணமும் போகக் கூடாது.

கேள்வி: கியர்பாக்ஸோடு சேர்த்து எடுப்பது நல்லதா, என்ஜினை மட்டும் எடுப்பதா? (காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கியர்பாக்ஸில் குறை இல்லையென்றால் என்ஜினை மட்டும் எடுங்கள், நீளம் குறைவதால் இருவர் சமாளிக்கலாம். முன்சீட்டுகளை எடுத்து, காருக்குள் இருக்கும் கியர்பாக்ஸ் மூடியைத் திறந்தால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள் கைக்கு எட்டும். போல்ட்டுகளைக் கழற்றும் முன் கியர்பாக்ஸின் அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்துவிடுங்கள். என்ஜினை முதலில் நேராக முன்னால் இழுத்து, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டை விட்டு முழுவதும் வெளிவந்த பிறகே மேலே தூக்க வேண்டும். ஒருமுறை நான் இதில் அவசரப்பட்டேன். ஷாஃப்டின் மீது பளு விழுந்து, புதிய கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிட்டது. பாகங்களையெல்லாம் மறுபடி பொருத்தி முடித்த பிறகு கிளட்ச் விடுபடாதபோதுதான் அது தெரிந்தது, எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: ஹெரால்ட் என்ஜினை இறக்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது எது? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) த்ரஸ்ட் வாஷர்கள். பின்பக்க மெயின் பேரிங்கில் பிறைவடிவில் இருக்கும் இவைதான் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தாங்குபவை. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் இவற்றின் மீதுதான் விழுகிறது. என்ஜினை இறக்கும் முன்பே, அது ஓடாமல் நிற்கும்போது, ஒருவரைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லி, முன்னால் புல்லியைக் கவனியுங்கள். அனுமதிக்கப்பட்ட நகர்வு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான். கண்ணுக்கே பளிச்சென்று தெரியும் அளவுக்கு நகர்ந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது, அல்லது கழன்று, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் கிடக்கிறது. அப்படியே ஓட்டினால் ஷாஃப்ட், என்ஜினின் உடலான சிலிண்டர் பிளாக்கையே அரைத்துவிடும்; சின்ன வாஷருக்காகப் பிளாக்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மாற்றும்போது பழையதன் கனத்தை அளந்து, தேவையானால் அதிகக் கனமுள்ளதைப் போடுங்கள். ஆயில் வரிகள் உள்ள முகம் சுழலும் ஷாஃப்டைப் பார்த்து இருக்க வேண்டும், பிளாக்கைப் பார்த்து அல்ல.