நாள் முழுக்க வேலை, மாதம் இரண்டே கோப்பு

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்கும் பட்டறை, லாரி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மொத்தம் 24 வாடிக்கையாளர்கள். அவர்களுடைய ஆட்களுக்கு மாதாமாதம் சம்பளக் கணக்கு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் நான்தான் போடுகிறேன். அதுபோக ஆண்டுக் கணக்கை முடித்து வரி ஏஜெண்டிடம் கொடுக்க வேண்டும். அதற்குக் கோப்புக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறேன். காலை 8 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 10 வரை நிமிர நேரமில்லை. ஆனாலும் மாதம் இரண்டு ஆண்டுக் கணக்குதான் முடிகிறது. 12 கோப்பு பாதியில் கிடக்கிறது. அரை மணிக்கு ஒரு வேலை என்று டைம்டேபிள் போட்டேன், போனில் ஆப் போட்டேன். மூன்றாம் நாளே எல்லாம் குலைந்துபோனது. ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஆள் விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. கையில் இருப்பது 12, மாதம் முடிவது 2. பன்னிரண்டை இரண்டால் வகுத்தால் ஆறு. உங்கள் மேசைக்கு வரும் ஒரு கோப்பு வெளியே போகச் சராசரியாக ஆறு மாதம் ஆகிறது என்று அர்த்தம். இரவு 10 வரை உட்கார்ந்தாலும் சரி, 12 வரை உட்கார்ந்தாலும் சரி, மாதம் இரண்டுதான் முடிகிறது என்றால் ஆறு மாதம்தான். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961இல் நிறுவிக் காட்டிய விதி இது. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருந்தவன். அங்கே இந்த வகுத்தல் கணக்கு தெரியாமல் ஒரு வாரம் தள்ள முடியாது. லைனில் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறார்களா என்பது யாருக்கும் முக்கியமில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் எத்தனை பெட்டி வெளியே போனது என்றுதான் கேட்பார்கள்.

உங்களையும் அப்படியே கேட்கிறேன். போன வாரம் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பது இருக்கட்டும், என்ன வெளியே போனது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மூன்று கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் முழுசாக நான்கு நாள் வேலை. எல்லாருக்கும் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் முதல் கோப்பு பத்தாம் நாள் முடியும், இரண்டாவது பதினொன்றாம் நாள், மூன்றாவது பன்னிரண்டாம் நாள். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று உட்கார்ந்தால் நான்காம் நாள், எட்டாம் நாள், பன்னிரண்டாம் நாள். கடைசி ஆளுக்கு ஒரு நாள்கூட நஷ்டமில்லை. முதல் ஆளுக்கு ஆறு நாள் லாபம், நீங்களும் நான்காம் நாளே 1,200 வெள்ளிக்கு பில் போடலாம். உழைப்பு கொஞ்சமும் கூடவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது.

நிஜத்தில் லாபம் இன்னும் அதிகம். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது பழைய வேலையின் நினைப்பும் கூடவே வந்து, புதிய வேலையில் நம்முடைய திறனைக் குறைக்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். லாரிக்காரரின் கணக்கிலிருந்து மளிகைக் கடைக் கணக்குக்குத் தாவிவிட்டு, ‘அந்த 3,400 வெள்ளி எந்தச் செலவு?’ என்று மண்டை குடைந்துகொண்டிருக்கும் அல்லவா, அதுதான்.

சரி, ஏன் 12 கோப்பும் பாதியில் நிற்கின்றன? நீங்கள் சோம்பேறி இல்லை, அது கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் மேசையைப் பார்க்காமலே என்னால் ஊகிக்க முடியும். ஒருவரின் ஆகஸ்ட் மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வரவில்லை. இன்னொருவரின் லாரிக் கடன் விவரம் இல்லை. மூன்றாமவர் ஆண்டுக் கடைசியில் இருந்த சரக்கை எண்ணவே இல்லை. நான்காமவர் கொண்டுவந்து கொட்டிய பிளாஸ்டிக் பையில் பெட்ரோல் ரசீதுகள் வெள்ளைத்தாளாக வெளுத்துக் கிடக்கின்றன. கையில் இருப்பதை வைத்துத் தொடங்கினீர்கள், தடைபட்டது, அடுத்த கோப்பை எடுத்தீர்கள், அதுவும் தடைபட்டது. இப்படித்தான் பன்னிரண்டு சேர்ந்திருக்கும்.

தொழிற்சாலையில் இதற்குக் கறாரான ஒரு விதி உண்டு. தேவையான பாகம் அத்தனையும் தட்டில் வந்து சேராமல் வேலையை லைனில் ஏற்றக் கூடாது. ஒரே ஒரு திருகு குறைந்தாலும் ஏற்றக் கூடாது. ஏற்றினால் பாதியில் நின்று இடத்தை அடைக்கும். இதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் எழுதுங்கள்: 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், விற்பனை விவரம், கொள்முதல் பில்கள், கடன் மற்றும் தவணை விவரம், ஆண்டு இறுதிச் சரக்குக் கணக்கு, சொத்து ஏதாவது வாங்கியிருந்தால் அதன் பில். இத்தனைக்கும் டிக் விழாத கோப்பை மேசைக்கே கொண்டுவராதீர்கள். அது அலமாரியில் இருக்கட்டும். ‘கொஞ்சம் தொடங்கி வைப்போமே’ என்ற ஆசைதான் ஆபத்து. தொடங்கி வைத்ததில் ஒரு திருப்தி கிடைத்துவிடும், ஆனால் கோப்பு வெளியே போகாது.

இடையில் ஒரு சங்கதி. அந்த வெளுத்துப்போன ரசீதுகளுக்காக வாடிக்கையாளரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுங்கள். வியாபார ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் லாரி டேஷ்போர்டு வெயிலில் ஏழு மாதம் தாங்கினாலே அதிசயம். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண்ணெய் ஊற்றிவிட்டு போனை எடுக்க எத்தனை வினாடி ஆகும்?

அடுத்தது வாட்ஸ்அப். நிபுணர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ‘போனை அணைத்துவிடுங்கள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் தொழிலுக்கு அது சரிவராது. நீங்கள் பதில் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கடைக்காரர்கள் உங்களிடம் வருகிறார்கள். அதனால் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். சுவரில் ஒரு தாளை ஒட்டி 24 பெயரையும் எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு செய்திக்கும் அழைப்புக்கும் ஒரு கோடு போடுங்கள். எதற்காக வந்தது என்று பக்கத்தில் ஒரு சொல். ஆப் எதுவும் வேண்டாம், பேனா போதும்.

பெரும்பாலும் இரண்டு விஷயம் தெரியவரும். ஒன்று, 24 பேரில் நான்கைந்து பேர்தான் பாதிக் கோடுகளைச் சாப்பிட்டிருப்பார்கள். அவர்களும் மற்றவர்கள் தரும் அதே கட்டணத்தைத்தான் தருகிறார்கள். அடுத்த ஆண்டு கட்டணத்தைப் பேசும்போது அந்தத் தாள் உங்களுக்குத் தைரியம் கொடுக்கும். இரண்டாவது, ‘தங்கச்சி, நம்ம கணக்கு என்னாச்சு?’, ‘இபிஎஃப் கட்டியாச்சாமா?’, ‘அந்த ரசீதை மறுபடியும் அனுப்புங்க’ போன்றவையே நிறைய இருக்கும். வேலை முடியாமல் இருப்பதால் வருகிற வேலை இது. கணக்கு முடிந்திருந்தால், அல்லது எப்போது முடியும் என்று முன்பே சொல்லியிருந்தால், இந்தக் கேள்வி பிறந்தே இருக்காது. இதற்குப் பதில் சொல்லத்தான் கோப்பை மூடுகிறீர்கள். கோப்பை மூடுவதால் மேலும் நாலு பேர் கேட்கிறார்கள்.

அப்புறம் ஏன் அதற்கே முதலில் கை போகிறது என்கிறீர்களா? மெங் ஷூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் பலன் தரும் வேலை பக்கத்திலேயே இருந்தும், கெடு சீக்கிரம் முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் குறைந்த பலன் உள்ள வேலையை மக்கள் தேர்ந்தெடுப்பதைக் கண்டார்கள். போன் அடித்தால் அவசரம் என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. 1,200 வெள்ளிக் கோப்பு சத்தம் போடுவதில்லை.

ஆகவே காலை 8.30 முதல் 11.30 வரை ஒரே ஒரு ஆண்டுக் கோப்பு. போன் அடுத்த அறையில். பதினொன்றரைக்கு ஒரு முறை, நாலரைக்கு ஒரு முறை செய்திகளுக்குப் பதில். இதை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; ‘அவசரம் என்றால் இரண்டு முறை அடியுங்கள்’ என்றும் சொல்லுங்கள். பத்தே நாளில் பழகிவிடுவார்கள். இறைச்சிக்கடைக்காரர் மதியம் கடையை மூடுவார் என்று நமக்கு யாராவது பாடம் எடுத்தார்களா என்ன?

மாதச் சம்பள வேலைக்கு வருவோம். இபிஎஃப், சொக்சோ, இஐஎஸ் (வேலை இழப்புக் காப்புறுதி), பிசிபி (சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி) நான்குக்குமே அடுத்த மாதம் 15ஆம் தேதிதான் கெடு. அது சட்டம். ஆனால் 13, 14, 15 மூன்று நாளும் வீடு ரணகளமாவதற்குச் சட்டம் காரணமில்லை. சம்பள மாற்றம், ஓடி (கூடுதல் நேர வேலை), புது ஆள் விவரம் எல்லாம் 5ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்று வையுங்கள். எந்தத் தகவலும் வராவிட்டால் போன மாதச் சம்பளமே போடப்படும் என்று எழுத்தில் சொல்லி, அவர்களிடமும் ஒரு ‘சரி’ வாங்கிக்கொள்ளுங்கள். 8, 9 இரண்டு நாளில் மதிய நேரத்தில் 24ஐயும் வரிசையாகப் போட்டு முடியுங்கள். ஒரே மாதிரி வேலை என்பதால் மூன்றாவது ஆளிலிருந்து கை தானாக ஓடும். போட்டதுமே ரசீதை அனுப்பிவிடுங்கள்: ‘அண்ணே, சம்பளக் கணக்கு முடிந்தது, ரசீது இதோ.’ அவர் கேட்கும் முன்னே போய்விட வேண்டும்.

உங்கள் டைம்டேபிள் ஏன் குலைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு மனவுறுதி இல்லை என்று நீங்களே முடிவு கட்டியிருப்பீர்கள். காலை ஏழரைக்குப் பினாங்குப் பாலத்தில் போயிருக்கிறீர்கள் அல்லவா? 1985இல் திறந்த, பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலம். இடைவெளி விட்டு வண்டிகள் போகும்வரை ஓடும். எல்லாத் தடமும் நிரம்பிவிட்டால் ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கினால் போதும், வண்டிகள் அக்கரையில் பிறை ஊர் வரை நிற்கும். காத்திருக்கும் வரிசைகளை ஆராயும் கணிதம் இதைத்தான் எண்களில் சொல்கிறது. எப்போது வரும், எவ்வளவு நேரம் இழுக்கும் என்று தெரியாத வேலைகளை ஒரே ஆள் பார்க்கிறார் என்று வையுங்கள். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் ஒரு வேலை சராசரியாக நான்கு வேலைக்கான நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. கடைசிப் பதினைந்து சதவீதத்தை நிரப்பியதற்கு நாம் கொடுக்கும் விலை ஏறக்குறைய ஐந்து மடங்கு காத்திருப்பு. நீங்கள் அரை மணிக்கு அரை மணி 100 சதவீதம் நிரப்பியிருக்கிறீர்கள். அது குலையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தினமும் ஒன்றரை மணி நேரம், முடிந்தால் மதியம் மூன்றிலிருந்து, எந்தப் பெயரும் எழுதாமல் காலியாக விடுங்கள். எதிர்பாராதது வந்தால் அதற்கு. வரவில்லையென்றால் எழுந்து போய் நிம்மதியாகத் தேத்தண்ணி குடியுங்கள்.

இப்போது ஆள் விஷயம். இருக்கிற நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை விரியும் என்று 1955இல் ஒரு கட்டுரை எழுதிய பார்க்கின்சன், அப்போது நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில், அது சிங்கப்பூரில் இருந்த நாட்களில், வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். உதவிக்கு ஆள் சேரச் சேர ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக்கொள்வார்கள் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அவர் கிண்டலாக எழுதினார். உங்கள் விஷயத்தில் அது அப்படியே நடக்கும். இன்றைக்கு ஓர் ஆளை வைத்தால் அரைகுறைக் கோப்பு பன்னிரண்டு இருபதாகும், ‘அக்கா, இது எந்தக் கணக்கு?’ என்ற கேள்வி புதிதாகச் சேரும்.

செலவையும் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அதற்கு முதலாளி பங்கு இபிஎஃப் 13 சதவீதம் என்றால் 221. சொக்சோவைச் சேர்க்கும் முன்னமே 1,921 வெள்ளி. மாதம் கூடுதலாக இரண்டு ஆண்டுக் கணக்கு வெளியே போனால்தான் அந்தச் சம்பளம் ஈடாகும், உங்கள் கைக்கு வருவது அதற்கு மேல் உள்ளதுதான். அதனால் மூன்று மாதம் பொறுங்கள். காலை மூன்று மணி நேரத்தை அசைக்காமல் காப்பாற்றியும் வேலை மலைபோல் நின்றால், பகுதி நேரத்துக்கு ஒருவரை எடுங்கள். அவருக்கு ஒரே வேலை: அந்தத் தாளில் டிக் விழாத ஆவணங்களைக் கேட்டு வாங்குவது. கணக்கில் கைவைக்க வேண்டாம். நச்சரிக்கத் தெரிந்த, முகம் சுளிக்காமல் பேசத் தெரிந்த ஆளாக இருந்தால் போதும்.

பாதியில் கிடக்கும் பன்னிரண்டை என்ன செய்வது? நாளைக் காலை எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஆவணம் முழுசாக இருப்பவை எவை என்று பாருங்கள். அவற்றில் வரிக் கெடு நெருங்கியிருக்கும் மூன்றை மட்டும் மேசையில் வையுங்கள். தனிநபர் வியாபாரிகளுக்கு வருமான வரிக்கான பி படிவத்தின் கெடு ஜூன் 30 என்பதால் ஏஜெண்டுக்கு எப்போது வேண்டும் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று வெளியே போனால் ஒன்று உள்ளே வரலாம், அதுவரை கதவு மூடியிருக்கட்டும்.

மீதி ஒன்பது பேருக்கும் அன்றைக்கே போன் போடுங்கள். ‘உங்கள் கணக்கை இந்தத் தேதியில் தொடங்குகிறேன், அதற்குள் இன்னின்ன தாள் வேண்டும்’ என்று சொல்லுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கோபப்படுவார், ‘ஆறு மாசமா உன்கிட்டதானே இருக்கு?’ என்பார். பேசி முடிக்கட்டும். முடித்ததும் அந்த ஆகஸ்ட் மாத பேங்க் ஸ்டேட்மென்டைக் கேளுங்கள்.