பர்லியார் வந்ததும் மெத்தென்று இறங்கும் பிரேக்

மாற்ற வேண்டியது பேட் இல்லை, பிரேக் ஆயில். குன்னூரில் கெட்டியாக இருக்கும் பெடல், மலையிறங்கிப் பர்லியார் வரும்போது அமுங்குகிறது, வண்டி ஆறினால் சரியாகிறது என்கிறீர்களே, அது ஆயில் கொதிப்பதற்கான அடையாளம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதில் 205 டிகிரியாவது தாங்கும். ஈரம் ஏறியது 140-லேயே கொதிக்கலாம். அப்புறம் நீங்கள் மிதிப்பது ஆவியைத்தான்.

ஒரு சோதனை: வண்டி ஆறியதும் சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்திப் பிடியுங்கள். வெளியே கசிவே இல்லாமல் மெல்லக் கீழே போனால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. பம்ப் செய்தால் மேலே வருகிறதா? லைனில் காற்று, இல்லையென்றால் பின் டிரம் ஷூ தளர்வு.

பிரேக் ஆயில் டப்பாவில் கொஞ்சம் ஊற்றிவிட்டு ‘சரியாப்போச்சு’ என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நான்கு சக்கரத்திலும் காப்பி நிற ஆயில் போய்த் தெளிவாக வரும்வரை பிளீட் செய்யவேண்டும், அதாவது பெடலை மிதித்துப் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றவேண்டும். பழைய வண்டி என்பதால் பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வையுங்கள். தரைவரை மிதித்தால் சிலிண்டரின் துருப்பிடித்த பகுதியில் உரசி ரப்பர் கிழியும். சக்கரத்தில் ஆயிலை வெளியே விடத் திறக்கும் நிப்பிளுக்கு முந்தின இரவே துரு நீக்கும் ஆயில் அடித்துவிடுங்கள், முறிந்தால் தலைவலி.

அதுவரை மேட்டுப்பாளையம் இறங்கவே வேண்டாம், இரண்டாம் கியரிலும்கூட.